விசில் சத்தமும் முதல் பாடமும்

அமெரிக்காவின் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனம் வேளாண் இயந்திரங்கள் தயாரித்து வந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போலந்திலிருந்து வந்த தொழிலாளர்கள் பலர் அதன் ஆலைகளில் வேலை பார்த்தார்கள். அவர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்க நிறுவனமே ஒரு சிறு கையேட்டை அச்சிட்டது. அதன் முதல் பாடத்தின் சாரம் இதுதான்: விசில் கேட்கிறது, நான் விரைந்து செல்ல வேண்டும். வருகை வில்லையை எடுத்துப் பலகையில் மாட்டுகிறேன். உடை மாற்றுகிறேன். விசில் ஊதியதும் வேலையைத் தொடங்குகிறேன். அடுத்த விசில் வரும்வரை சாப்பிடக் கூடாது. வேலையை நிறுத்தச் சொல்லி விசில் ஊதும்வரை உழைக்கிறேன். இடத்தைச் சுத்தமாக வைத்துவிட்டு வீட்டுக்குப் போகிறேன்.

மொழி கற்பிக்கும் நம் கண்ணோடு பார்த்தால் இது மோசமான பாடம் அல்ல. வாக்கியங்கள் சிறியவை. கற்பவரின் அன்றாட வாழ்விலிருந்து எடுத்தவை. நிகழ்வுகள் வரிசையாக வருவதால் நினைவிலும் நிற்கும். காலையில் படித்ததை அன்றே பயன்படுத்தலாம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். தொடக்கம் முதல் முடிவுவரை அந்தத் தொழிலாளி யாரிடமும் எதையும் கேட்கவில்லை. "புரியவில்லை" என்று சொல்லவில்லை. "கையில் அடிபட்டுவிட்டது" என்ற வாக்கியமும், "சம்பளம் குறைகிறதே" என்ற வாக்கியமும் அதில் இல்லை. அவருக்குக் கிடைத்த மொழி, கேட்டு நடப்பதற்கு மட்டுமான மொழி.

புலம்பெயர்ந்த தொழிலாளர்களுக்கு வேலைத்தளத்திலேயே தன்னார்வலர்கள் மொழி கற்பிக்கும் முயற்சி நூறாண்டுக்கும் மேலாக நடந்துவருகிறது. நம் ஊர்களிலும் இன்று அதன் தேவை பெருகியிருக்கிறது. அந்தப் பழைய வகுப்புகளிலிருந்து ஆசிரியர்களாகிய நாம் எதை எடுத்துக்கொள்ளலாம், எதை விட்டுவிடலாம் என்று பார்ப்போம்.

சிறுவன் காட்டிய வழி

இந்த வகுப்புகளில் பயன்பட்ட கற்பித்தல் முறைக்கு ஒரு சுவையான முன்கதை உண்டு. 19ஆம் நூற்றாண்டில் பிரான்சுவா கூவான் என்ற பிரெஞ்சு ஆசிரியர் ஜெர்மன் மொழி கற்க ஹாம்பர்க் நகருக்குப் போனார். அவர் இலத்தீன் கற்பித்தவர். அதே பழக்கத்தில் இலக்கணத்தை மனப்பாடம் செய்தார், வினைச்சொல் பட்டியல்களை உருப்போட்டார், அகராதியையே தலைகீழாகப் படித்தார். பிறகு வகுப்பறையில் போய் உட்கார்ந்தால் ஒரு வாக்கியமும் புரியவில்லை. தோல்வியோடு ஊர் திரும்பினார்.

ஊரில் அவருடைய உறவுக்காரச் சிறுவன் ஒருவன் மூன்று வயதில் மளமளவென்று பேசிக்கொண்டிருந்தான். ஒருநாள் மாவு ஆலைக்குப் போய்வந்த அவன், அங்கே கண்டதையெல்லாம் நடந்த வரிசையிலேயே சொல்லிச் சொல்லி விளையாடினான். கூவானுக்குப் பொறி தட்டியது. மனிதர் மொழியைத் தனிச்சொற்களாகக் கற்பதில்லை, ஒன்றன்பின் ஒன்றாக நிகழும் செயல்களின் தொடராகவே கற்கிறார்கள் என்று அவர் முடிவுக்கு வந்தார். 'எழுகிறேன், கதவருகே நடக்கிறேன், தாழ்ப்பாளை நீக்குகிறேன், கதவைத் திறக்கிறேன்' என்பதுபோல ஒரு செயலைச் சிறு வாக்கியங்களாகப் பிரித்து, செய்துகாட்டியபடியே சொல்லித்தருவது அவருடைய தொடர்முறை.

அமெரிக்காவில் பீட்டர் ராபர்ட்ஸ் என்பவர் ஒய்.எம்.சி.ஏ. அமைப்பின் வழியாக இந்த முறையைக் குடியேறிகளுக்கான ஆங்கில வகுப்புகளுக்குக் கொண்டுவந்தார். வீடு, தொழில், கடைத்தெரு என்று மூன்று வரிசைகள். ஒவ்வொன்றிலும் பத்துப் பாடங்கள். ஆசிரியர் செய்துகாட்டுவார், கற்பவர் திரும்பச் சொல்வார். வாசிப்பும் எழுத்தும் அதன் பின்னரே. ஆசிரியருக்குக் கற்பவரின் தாய்மொழி தெரிந்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. அதனால் ஆசிரியப் பயிற்சி பெறாத தன்னார்வலர்களும் வகுப்பெடுக்க முடிந்தது. ஒரே அறையில் ஐந்து மொழிக்காரர்கள் இருந்தாலும் வகுப்பு நடந்தது.

ஃபோர்டு ஆலையின் பள்ளி

1914ஆம் ஆண்டு ஃபோர்டு கார் நிறுவனம் டெட்ராய்ட் அருகே ஹைலண்ட் பார்க் ஆலையில் ஓர் ஆங்கிலப் பள்ளியைத் தொடங்கியது. ஆலைத் தொழிலாளர்களில் பெரும்பான்மையினர் வெளிநாட்டில் பிறந்தவர்கள். ராபர்ட்ஸின் பாடமுறையே அங்கும் பின்பற்றப்பட்டது. ஆசிரியர்கள் அதே ஆலையின் ஊழியர்கள். ஊதியம் பெறாமல் வேலை நேரத்துக்கு முன்னும் பின்னும் கற்பித்தார்கள்.

அவர்களுடைய உழைப்பையும் நல்லெண்ணத்தையும் நாம் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. ஆங்கிலம் தெரியாமல் வந்த ஆயிரக்கணக்கானோர் அங்கே படித்தார்கள். ஆனால் வகுப்புக்கு வராதவருக்கு நிறுவனத்தின் நெருக்கடி இருந்தது. பாடத்தில் மொழியோடு சேர்த்து எப்படிக் குளிப்பது, எப்படிச் சேமிப்பது, எப்படி வீட்டை வைத்துக்கொள்வது என்பனவும் வந்தன. பட்டமளிப்பு விழா ஒரு நாடகமாகவே நடந்தது. மேடையில் கப்பல் போன்ற ஓர் அமைப்பு, அதன் முன்னே மிகப்பெரிய ஒரு கொப்பரை. தொழிலாளர்கள் தத்தம் நாட்டு உடையில் கப்பலிலிருந்து இறங்கிக் கொப்பரைக்குள் போவார்கள். ஆசிரியர்கள் நீண்ட கரண்டிகளால் கிளறுவார்கள். சற்று நேரத்தில் அவர்கள் அமெரிக்க உடையில், கையில் கொடியோடு வெளியே வருவார்கள்.

புதிய மொழியைக் கற்க வேண்டுமானால் பழையதைக் கழற்றி வைக்க வேண்டும் என்ற எண்ணம் அந்தக் கொப்பரையில் இருந்தது. 'வீட்டிலும் தமிழிலேயே பேசுங்கள், அப்போதுதான் பிள்ளைக்குத் தமிழ் வரும்' என்று வெளிமாநிலப் பெற்றோரிடம் நாம் நல்லெண்ணத்தோடு சொல்லும்போது, நம் கையிலும் அந்தக் கரண்டி இருக்கிறது.

பகலில் கோடரி, இரவில் கரும்பலகை

அதே காலத்தில் கனடாவில் வேறொரு முயற்சி வளர்ந்துகொண்டிருந்தது. ஆல்ஃபிரட் ஃபிட்ஸ்பேட்ரிக் என்ற பாதிரியார் 1899இல் அதைத் தொடங்கினார். காடுகளில் மரம் வெட்டுவோர், சுரங்கத் தொழிலாளர், இருப்புப்பாதை போடுவோர் ஆகியோரின் முகாம்களில் படிப்பறைகள் அமைப்பது அவருடைய திட்டம். மரக்கட்டைகளால் ஆன குடிசை, கூடாரம், ரயில் பெட்டி என எது கிடைத்ததோ அதுவே பள்ளி. பின்னாளில் இது ஃபிரான்டியர் கல்லூரி என்று பெயர் பெற்றது.

தொடக்கத்தில் ஒரு சிக்கல். படிப்பறையைப் பார்த்துக்கொள்ளப் போன இளைஞர்களுக்குப் பகலில் வேலையில்லை. மாலையில் களைத்து வரும் தொழிலாளிக்கு, பகலெல்லாம் சும்மா இருந்த ஒருவர் பாடம் சொல்வது ஒட்டவில்லை. அதனால் ஆசிரியர்கள் பகலில் தொழிலாளர்களோடு சேர்ந்து வேலைக்குப் போகத் தொடங்கினார்கள். 'தொழிலாளி ஆசிரியர்' என்ற முறை இப்படிப் பிறந்தது. பெரும்பாலும் பல்கலைக்கழக மாணவர்கள்தாம் இதற்கு வந்தார்கள். பகலில் மற்றவர்களைப் போலவே கோடரியும் மண்வெட்டியும் பிடித்து அதற்கான கூலியைப் பெற்றார்கள். இரவில் விளக்கடியில் ஆங்கிலமும் கணக்கும் கற்பித்தார்கள். பிற்காலத்தில் சீனாவில் போர்க்கள மருத்துவராகப் புகழ்பெற்ற நார்மன் பெத்யூன், 1911இல் ஒன்டாரியோ மாநிலத்து மரவெட்டு முகாம் ஒன்றில் இப்படித் தொழிலாளி ஆசிரியராக இருந்தவர்தான்.

உடன் உழைத்ததால் விளைந்த பலன் என்ன? முதலாவது, நம்பிக்கை. மரம் அறுக்கத் தெரியாமல் தடுமாறும் ஆசிரியருக்கு ஒரு தொழிலாளி அதைக் கற்றுத்தந்தார். மாலையில் அதே தொழிலாளி எழுத்துக்கூட்டத் தடுமாறும்போது வெட்கப்பட வேண்டியிருக்கவில்லை. இரண்டாவது, பாடப்பொருள். எந்தச் சொல் தெரியாததால் இன்று கைவிரல் நசுங்கப் பார்த்தது, கங்காணி சொன்னதில் எது புரியவில்லை, கடையில் கணக்கு எங்கே இடித்தது என்பதெல்லாம் ஆசிரியருக்கு நேரில் தெரிந்தது. அன்றைய பாடம் அன்றைய வேலையிலிருந்தே வந்தது.

மூன்றாவது பலனை யாரும் திட்டமிடவில்லை. எட்மண்ட் பிராட்வின் என்பவர் இந்த முகாம்களில் பல ஆண்டுகள் தொழிலாளி ஆசிரியராக இருந்தார். அந்த அனுபவத்தைக் கொண்டு முகாம்களின் வேலை நிலைமை, கூலி, ஒப்பந்தக்காரர்களின் நடைமுறை, புதிதாக வந்தவர்களுக்கும் மற்றவர்களுக்கும் இடையே காட்டப்பட்ட பாகுபாடு ஆகியவற்றை ஆராய்ந்து 1928இல் ஒரு நூலை வெளியிட்டார். கற்பிக்கப் போனவர் சாட்சியாகத் திரும்பினார்.

இந்த இயக்கத்திலும் குறைகள் இருந்தன. ஃபிட்ஸ்பேட்ரிக் 1919இல் வெளியிட்ட புதிய குடியேறிகளுக்கான கையேட்டில், மக்களை இனவாரியாக எடைபோடும் அக்காலப் பார்வை தெரிகிறது. இவர்களை நம்மைப்போல மாற்றிவிட வேண்டும் என்ற ஆசையும் அதில் உண்டு. ஆனாலும் உடன் உழைக்கும் முறை நிலைத்தது. இந்த அமைப்புக்கு 1977இல் யுனெஸ்கோவின் எழுத்தறிவு விருது கிடைத்தது. பின்னர் ஒன்டாரியோவின் பண்ணைகளுக்குப் பருவகாலத் தொழிலாளர்களாக வந்த மெக்சிகோ நாட்டவரோடு, தொழிலாளி ஆசிரியர்கள் பகலில் வயலில் இறங்கினார்கள்.

ஒரு சிறு சோதனை

மேலே பார்த்த வகுப்புகள் எல்லாம் வேலைத்தளத்தில் நடந்தவை. எல்லாம் மொழியைத் தேவையிலிருந்து கற்பிக்க முயன்றவை. வேறுபாடு யாருடைய தேவை என்பதில் இருக்கிறது. நாம் தயாரிக்கும் எந்தப் பாடத்துக்கும் ஒரு எளிய சோதனை வைக்கலாம். 'இந்த வாக்கியத்தை யார், யாரிடம் சொல்வார்?' என்று ஒவ்வொரு வரிக்கும் கேட்டுப்பாருங்கள். எல்லா வரிகளும் மேலிருந்து கீழே வருபவையாக, அல்லது கட்டளையை ஏற்பவையாக இருந்தால், அது விசில் பாடம். கேட்க, மறுக்க, விளக்கம் கோர, உதவி கேட்க, நன்றி சொல்ல, நகைச்சுவையாகப் பேச வரிகள் இருந்தால் அது மொழிப்பாடம்.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வேலைக்குச் சேரும் பீகார் இளைஞரை எண்ணிப்பாருங்கள். 'சீக்கிரம்', 'அதை எடு', 'இங்கே வா' என்பவற்றை அவர் ஒரு வாரத்தில் தானே கற்றுக்கொள்வார். யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. அவருக்கு யாரும் தானாகக் கற்றுத்தராத வாக்கியங்கள் வேறு:

"அண்ணா, புரியல. இன்னொரு தடவ காட்டுங்க."

"இந்த மெஷின்ல கரண்ட் அடிக்குது. பாருங்க."

"உடம்பு சரியில்ல. இன்னிக்கு லீவு வேணும்."

"சம்பளத்துல முந்நூறு ரூபா குறையுது. எதுக்குப் புடிச்சீங்க?"

"இதுல என்ன எழுதியிருக்கு? தெரிஞ்சுக்கிட்டுக் கையெழுத்துப் போடுறேன்."

இந்த ஐந்தும் வாயில் நின்றுவிட்டால் அவருடைய பாதுகாப்பும் கூலியும் மதிப்பும் ஓரளவு அவர் கைக்கு வந்துவிடும். வேலை வைத்திருப்பவருக்கும் இதில் நட்டம் இல்லை. கரண்ட் அடிப்பதைச் சொல்லத் தெரிந்த தொழிலாளி உள்ள இடத்தில் விபத்து குறையும்.

தமிழைக் கற்பிக்கும்போது

இந்த முறைகளைத் தமிழுக்குக் கொண்டுவரும்போது சில தனிச்சிக்கல்கள் எழும்.

முதலில், பேச்சா எழுத்தா என்ற கேள்வி. பாடநூலில் 'இருக்கிறது' என்று படித்தவர் தெருவில் 'இருக்கு' என்று கேட்டுத் திகைப்பார். வேலைத்தள வகுப்பில் பேச்சுத்தமிழில் தொடங்குவதே சரி. எழுத்துத்தமிழ் அறிவிப்புப் பலகை, மருந்துச்சீட்டு, பேருந்தின் ஊர்ப்பெயர் வழியாகப் பின்னால் வரட்டும். 'அபாயம்', 'தொடாதீர்கள்', 'அவசர வழி', 'குடிநீர்' ஆகிய சொற்களைப் படமாகவே அடையாளம் காணப் பழக்கலாம். அரிச்சுவடி முழுவதும் முடியும்வரை காத்திருக்க வேண்டாம்.

இரண்டாவது, மரியாதைச் சொற்கள். இது பலரும் கவனிக்காத இடம். தொழிலாளியிடம் மற்றவர்கள் 'வா', 'போ', 'சொல்லு' என்றே பேசினால் அவர் காதில் விழுந்து பதிவது அந்த வடிவங்கள்தாம். அதையே அவர் மேற்பார்வையாளரிடமோ கடைக்காரரிடமோ திருப்பிச் சொல்லும்போது, 'மரியாதை தெரியாதவன்' என்று பெயர் வாங்குகிறார். பிழை அவருடையதல்ல, அவருக்குக் கிடைத்த மாதிரி அப்படி. அதனால் முதல் நாளிலிருந்தே 'வாங்க, போங்க, சொல்லுங்க' என்ற வடிவத்திலேயே கற்பியுங்கள். வகுப்பில் நாமும் அவரிடம் அப்படியே பேச வேண்டும்.

மூன்றாவது, எண்கள். 'ஒன்பது, தொண்ணூறு, தொள்ளாயிரம்' என்ற வரிசை நமக்குப் பழகிவிட்டது. புதியவருக்கு அது பெரிய குழப்பம். 'எண்பது, எண்ணூறு' என்பதும் அப்படித்தான். கூலியும் கடைக்கணக்கும் இந்தச் சொற்களில்தான் நடக்கின்றன. ரூபாய்த் தாள்களை மேசையில் வைத்துக்கொண்டு கடைக்காரர், வாடிக்கையாளர் என்று நடித்துப் பழகுவது நல்ல பயிற்சி.

நமக்குச் சாதகமானவையும் உண்டு. இந்தியில் வாக்கியத்தின் வினை, தமிழைப் போலவே இறுதியில் வரும். 'எனக்குத் தெரியும்' என்பதை இந்தி பேசுபவர் 'முஜே மாலூம் ஹை' என்று சொல்வார். இரண்டிலும் 'நான்' என்பது 'எனக்கு' என்றே வருகிறது. இத்தகைய ஒற்றுமைகளைக் காட்டினால் கற்பவருக்குத் தன் மொழியே ஏணியாகிறது. எழுத்தில் மட்டும் ஓர் எச்சரிக்கை: இந்தியில் க என்ற ஒலியினத்துக்கு நான்கு எழுத்துகள், தமிழில் ஒன்று. 'கடல்', 'தங்கம்', 'பகல்' மூன்றிலும் ஒரே எழுத்து வேறு வேறாக ஒலிப்பதைச் சொல்லித்தர வேண்டும்.

பக்கத்து மாநிலம், நம் மாநிலம்

கேரள மாநில எழுத்தறிவு இயக்கம் 2017இல் 'சங்ஙாதி' என்ற திட்டத்தை எர்ணாகுளம் மாவட்டம் பெரும்பாவூரில் தொடங்கியது. சங்ஙாதி என்றால் தோழன். ஒட்டுப்பலகை ஆலைகள் நிறைந்த அந்த ஊரில் வெளிமாநிலத் தொழிலாளர்கள் மிகுதி. அவர்களுக்கு மலையாளம் பேசவும் படிக்கவும் எழுதவும் நான்கு மாதங்களில் கற்பிப்பது நோக்கம். பாடநூலின் பெயர் 'ஹமாரி மலையாளம்'. 'நம் மலையாளம்' என்ற பொருள்தரும் அந்தப் பெயரின் முதல் சொல் இந்தி. கற்பவரின் மொழியும் கற்கும் மொழியும் ஒரே அட்டையில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. கொப்பரைக்கு நேர் எதிரான சித்திரம் இது.

நமக்கும் இது புதிதல்ல. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத் தொண்டர்கள் கல்குவாரிப் பெண்களுக்கு எழுத்தறிவு கற்பித்ததை மூத்த ஆசிரியர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். உங்களில் சிலர் அதில் தொண்டராகவும் இருந்திருக்கலாம். அங்கே எழுத்தோடு குவாரிக் கணக்கும் சைக்கிளும் சேர்ந்தே வந்தன. கற்பவரின் உழைப்பிலிருந்து பாடம் எழுந்தால் என்ன நடக்கும் என்பதற்கு நம் மண்ணின் சான்று அது.

பள்ளி செய்யக்கூடியது

ஆசிரியர்கள் மாலையில் ஆலைக்குப் போய்த்தான் வகுப்பெடுக்க வேண்டும் என்பதில்லை. இருக்கும் பணியே அதிகம். ஆனால் தொழிலாளரின் குழந்தை நம் வகுப்பில் இருக்கிறது. திருவள்ளூர், காஞ்சிபுரம் மாவட்டச் செங்கல் சூளைகளுக்கு ஒடிசாவிலிருந்து குடும்பங்களாக வந்து, சூளைப் பருவம் முடிந்ததும் திரும்பிப்போகிறவர்கள் பலர். அந்தக் குழந்தைகளுக்காக ஒடிய மொழிப் பாடநூல்களை வரவழைத்துக் கற்பித்த அனுபவமும் நம் மாநிலத்துக்கு உண்டு. குழந்தையின் வழியாகப் பெற்றோரைச் சென்றடையும் சில வழிகள்:

பெற்றோர் கூட்டத்துக்கு வரும் வெளிமாநிலப் பெற்றோருக்குப் பத்து நிமிடம் ஒதுக்கலாம். 'என் பிள்ளை நல்லாப் படிக்கிறானா?', 'நாளைக்கு ஸ்கூல் உண்டா?' போன்ற நான்கு கேள்விகளை அவர்களுக்குச் சொல்லித்தரலாம். பதில் சொல்வதைவிடக் கேள்வி கேட்கக் கற்பதே முதலில் வரட்டும்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் ஆலை அல்லது கட்டட வேலை தெரிந்தவர்கள் இருப்பார்கள். தன்னார்வலராகக் கற்பிக்க அவர்களே பொருத்தமானவர்கள். பட்டம் பெற்ற வெளியாளைவிட, அதே ஓவர்லாக் மெஷினில் உட்காரும் பத்தாம் வகுப்புப் படித்த அக்கா நல்ல தொழிலாளி ஆசிரியராவார். அவருக்குத் தொடர்முறையை ஒரு மணி நேரத்தில் நாம் பழக்கிவிடலாம்.

உயர்நிலை வகுப்பு மாணவர்களைக் கொண்டு, ஊரின் வேலைத்தளங்களில் புழங்கும் சொற்களைத் திரட்டச் சொல்லலாம். படம், பேச்சுத்தமிழ் வடிவம், எழுத்து வடிவம், இந்தி அல்லது ஒடிய வடிவம் என்ற நான்கு கட்டங்கள் கொண்ட சொல்லட்டைகளை அவர்களே செய்வார்கள். வெளிமாநில மாணவர் அந்தக் குழுவில் கற்பவராக அல்லாமல், தன் மொழிக்கு ஆசிரியராக இருப்பார்.

ஒரு எச்சரிக்கையும் வேண்டும். தமிழ் நன்றாகப் பேசும் குழந்தையைப் பெற்றோரின் மொழிபெயர்ப்பாளராக எல்லா இடத்துக்கும் அனுப்பிவிடுவது நமக்கு எளிது. மருத்துவரிடம் தாயின் நோயையும், முதலாளியிடம் தந்தையின் கூலித் தகராறையும் எட்டு வயதுக் குழந்தை எடுத்துச் சொல்வது அதன் தோளுக்கு மீறிய சுமை. பெற்றோருக்குச் சில வாக்கியங்களைக் கற்பிப்பது, குழந்தையின் படிப்புக்குச் செய்யும் உதவியும் ஆகிறது.

இந்த வகுப்புகளுக்கு உள்ள எல்லைகளையும் மறக்க வேண்டாம். பத்துப் பன்னிரண்டு மணி நேர வேலைக்குப் பின் வருபவரின் கண்கள் சொருகும். ஒரு மணி நேரத்தைவிட இருபது நிமிடம் அவருக்கு ஏற்றது. வேலை நேரத்துக்குள்ளேயே அந்த இருபது நிமிடத்தை ஒதுக்க முதலாளி இசைந்தால் வருகை கூடும். கற்பவர் அடுத்த மாதம் வேறு ஊருக்குப் போய்விடலாம். ஆகவே ஒவ்வொரு வகுப்பும் தன்னளவில் முழுமையாக இருக்கட்டும். வந்தவர் அன்று ஒரு வாக்கியத்தோடு திரும்பினால் போதும்.

அடுத்த முறை உங்கள் வகுப்பில் புதிதாகச் சேர்ந்த குழந்தையை அழைத்துச்செல்ல அதன் தந்தை பள்ளி வாசலில் தயங்கி நிற்கும்போது, "வாங்க" என்று சொல்லுங்கள். அவருக்கான முதல் பாடம் அந்தச் சொல்லில் தொடங்கட்டும்.